இரண்டு கட்டச் சொல்

ஜூன் 24, சனி

சுலோசனாவை இன்று காலை பதினொன்றரை மணிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தோம். மருத்துவமனையில் ஒன்பது நாள். வலது காலில் பலம் திரும்பிக்கொண்டிருக்கிறது, பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வலது கை இன்னும் மடியிலேயே கிடக்கிறது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. பேச்சுதான் இல்லை.

மாத்திரை நேரங்களை ஓர் அட்டையில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். காலை மூன்று, மதியம் ஒன்று, இரவு இரண்டு. மருந்துச்சீட்டோடு மூன்று முறை ஒப்பிட்டேன். மகள் மேகலா நான்காவது முறை ஒப்பிட்டாள். "நீங்க எழுதினதுல தப்பு இருக்காதுங்கப்பா," என்றாள். ஓசூரிலிருந்து வந்து ஒன்பது நாளும் கூடவே இருந்தவள். நாளை கிளம்ப வேண்டும்.

பதினைந்தாம் தேதியிலிருந்து நாட்குறிப்பில் ஒன்பது பக்கம் வெற்றாக இருக்கிறது. விட்டதை நிரப்ப உட்கார்ந்தேன். "15, வியாழன். சுலோசனாவுக்குப் பக்கவாதம். பத்து மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டரிடம் சொன்னேன்." அதற்குமேல் எழுதவில்லை. கை வலித்தது.

ஜூன் 25, ஞாயிறு

ஒரு சொல் வந்துவிட்டது.

காலை ஏழேகாலுக்குக் காபி எடுத்துக்கொண்டு போனேன். தலையணையை நிமிர்த்தக் குனிந்தபோது, "இரு," என்றாள். தெளிவாக, பழைய குரலில். டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். மேகலா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்க!"

"இரு."

"மேகலான்னு சொல்லுங்க."

"இரு."

தண்ணீர் வேண்டுமா என்றால் இரு. வேண்டாம் என்பதற்கும் இரு. மதியத்துக்குள் தெரிந்துவிட்டது: வந்திருப்பது அந்த ஒரு சொல் மட்டும்தான்.

நாற்பத்தொன்பது வருடமாக அவள் என்னிடம் "இருங்க" என்றுதான் சொல்லியிருக்கிறாள். வீட்டு வேலைக்கு வரும் மாராத்தாள் இதைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "ஏனுங்கம்மா, அய்யாவையே 'இரு'ங்கறீங்க? எங்கூட்டுக்காரர நான் அப்பிடிச் சொல்லியிருந்தா, அன்னைக்கே எங்கம்மா ஊட்டுக்கு மூட்டை கட்டியிருக்கோணும்."

சுலோசனா அவளைப் பார்த்து, "இரு," என்றாள்.

"சரிங், இருக்கறனுங்," என்று மாராத்தாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த மரியாதைக் குறைவு எனக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

மாலை பஸ்ஸில் மேகலா கிளம்பினாள்.

ஜூன் 27, செவ்வாய்

பேச்சுப் பயிற்சிக்குப் போனோம். பயிற்சி தருபவர் பெயர் பர்வீன். நாற்பது வயது இருக்கலாம். என்னிடம் வேகமாகப் பேசுகிறார். சுலோசனாவிடம் பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் இடம் விடுகிறார்.

"ஒரே சொல் திரும்பத் திரும்ப வர்றது எங்களுக்குப் புதுசில்ல சார். ஒருத்தர் எதைக் கேட்டாலும் 'பொள்ளாச்சி'ம்பார். அவரோட பாக்கறப்ப அம்மாவுக்கு நல்ல சொல்லாத்தான் வந்திருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதல் மூணு மாசம் முக்கியம். இப்ப எவ்வளவு வருதோ அதை வெச்சுத்தான் மேல கட்டணும்."

மூன்று மாதம் என்றால் செப்டம்பர் 15. இன்னும் எண்பது நாள்.

ஒரு படிவத்தை நிரப்பினார். "எப்ப ஆரம்பிச்சது?" பத்து மணிக்கு என்றேன். "அதுக்கு முன்னாடி பேச்சுல ஏதாவது குழப்பம் தெரிஞ்சுதா?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மின்விசிறிச் சத்தத்தில் கேள்வி சரியாகக் காதில் விழவில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

ஜூன் 28, புதன்

மழை. மாத்திரைகள் நேரத்துக்கு. 'இரு' நாற்பத்தொரு முறை.

ஜூலை 1, சனி

வார இதழிலிருந்து உதவி ஆசிரியர் ரவீந்திரன் பேசினார். கோபியில் கல்லூரி நூலகராக இருந்த காலத்தில் தொடங்கி, இருபத்தாறு வருடமாக அவர்களுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் அமைத்துத் தருகிறேன். ஒரு வாரம்கூட விட்டதில்லை. இப்போது பழைய புதிர்களை மறுபடி போட்டுச் சமாளிக்கிறார்களாம். "அம்மா நல்லானதும் அனுப்புங்க சென்னியப்பன் சார். வாசகர்கள் கேக்கறாங்க." எத்தனை பேர் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சுலோசனா பார்க்காமல் ஒரு புதிர்கூட இந்த வீட்டைவிட்டுப் போனதில்லை. வியாழன் காலை எட்டேமுக்காலுக்குச் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவோம். நான் குறிப்பைப் படிப்பேன். அவள் விடையைச் சொல்லிக்கொண்டே கட்டத்தில் பென்சிலால் எழுதுவாள். நான் நினைத்த விடை வந்தால் குறிப்பின் பக்கத்தில் ஒரு 'சரி'. வேறு விடை வந்தால் ஒரு சுழி. சுழி விழுந்தால் குறிப்பில்தான் குறை என்பது எங்கள் ஏற்பாடு. அவளைக் குறை சொல்லக்கூடாது. நான் வாதாடவும் கூடாது. அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஒரே குறிப்பு இரண்டு முறை வந்துவிடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். இன்று 'இரு' அட்டையை எடுத்தேன். பெரிய சொற்களை எல்லாம் வைத்து முடித்த பிறகு மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சும்போது கைகொடுக்கும் சொல். இருபத்துமூன்று முறை போட்டிருக்கிறேன். "மூன்றுக்கு முன்னால் நிற்பது." "எழுந்துவிட்ட விருந்தாளியிடம் சொல்வது." "அவசரக்காரருக்குப் பிடிக்காத கட்டளை." "நாற்காலியைக் காட்டிச் சொன்னால் உட்காருவார். வாசலில் சொன்னால் நிற்பார்." "நூறாண்டு ___ என்று வாழ்த்தலாம்." இருபத்துமூன்றும் வெவ்வேறு.

இப்போது வேலை தலைகீழ். விடை எதிரே உட்கார்ந்திருக்கிறது. குறிப்பை நான் கண்டுபிடிக்க வேண்டும். புது நோட்டு ஒன்றில் கோடு போட்டேன்: நேரம், குரல், பார்வை போன திசை, நான் எதைக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டாளா. மாலைக்குள் பதினேழு பொருள் சேர்ந்துவிட்டது. எந்த அகராதியிலும் இல்லாதவை பல. மின்விசிறியைக் குறை. மாராத்தாளைக் கூப்பிடு. முதுகு அரிக்கிறது. அந்தச் சட்டை உங்களுக்கு நன்றாக இல்லை.

கடைசியைப் பற்றி எனக்கு உறுதியில்லை.

ஜூலை 4, செவ்வாய்

நோட்டைப் பர்வீனிடம் காட்டினேன். இருபத்தொன்பது பொருள்வரை வந்திருந்தது. கொஞ்சம் பெருமையாகவே நீட்டினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வரி விடாமல் படித்தார்; இரண்டு இடத்தில் சிரித்தார்.

"அருமையா இருக்கு சார். இதை மூடி வெச்சிருங்க."

"தப்பாங்க?"

"தப்பில்ல. அவங்க வாயத் திறக்கறதுக்குள்ள நீங்க பொருளைக் கொண்டுவந்து கையில குடுத்துடறீங்க. அப்புறம் அவங்க எதுக்கு இன்னொரு சொல்லைத் தேடப்போறாங்க? வேணும்னா முதல் எழுத்தை மட்டும் குடுங்க. மீதிக்குக் காத்திருங்க."

"எவ்வளவு நேரமுங்க?"

"உங்களுக்குச் சங்கடமாகற வரைக்கும். அப்புறம் இன்னும் கொஞ்சம்."

இதை இன்னொருவர் சொல்லி நான் தெரிந்துகொண்டிருக்கக் கூடாது. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற குறிப்பு கெட்ட குறிப்பு என்று எனக்கே தெரியும்.

ஜூலை 7, வெள்ளி

மதியம் மூன்று மணிக்கு வெயில் கட்டிலுக்கு வந்தது. சுலோசனா ஜன்னலைப் பார்த்து, "இரு," என்றாள். மற்ற நாளென்றால் எழுந்து சாத்தியிருப்பேன். எழாமல், "ஜ," என்றேன். முறைத்தாள். "இரு!" என்றாள். "ஜ," என்றேன் மறுபடி. பக்கத்தில் இருந்த கரண்டியை எடுத்து எறிந்தாள். கரண்டி என் முழங்காலில் பட்டது. நான்கு நிமிடம் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். இருவருக்கும் வியர்த்தது.

"ஜன்," என்றாள். "ஜன்னல்."

சாத்தக் கை வரவில்லை எனக்கு. வாசலில் நின்ற மாராத்தாள்தான் வந்து சாத்தினாள். "அம்மா கரண்டிய எறிஞ்சாத்தான் உங்குளுக்கு வேலை ஓடுதுங்," என்றாள்.

மாலையில் மேகலா போனில் கூத்தாடினாள். பிறகு சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர்கிட்டப் பேசினேனுங்கப்பா. பேச்சு கொழறின உடனே கூட்டிட்டு வரணும், பல பேரு அதுலதான் கோட்டை விடறாங்கன்னாங்க. எங்கப்பா ஒரு நிமிசம்கூட வீணாக்கலைன்னு சொன்னேன்."

"ம்," என்றேன்.

ஜூலை 8, சனி

மேசையின் கீழ் இழுப்பறைச் சாவி சட்டைப்பையில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது.

ஜூலை 12, புதன்

எழுதிவிட வேண்டும்.

பதினைந்தாம் தேதி, வியாழன். வழக்கம்போல எட்டேமுக்காலுக்கு உட்கார்ந்தோம். முதல் மூன்று குறிப்புகளுக்குச் 'சரி' விழுந்தது. நான்காவது: "குடத்தில் அடங்கும், மழையில் அடங்காது." நான்கு கட்டம். தண்ணீர். சுலோசனா, "அட்டிகை," என்றாள். அப்போது மணி ஒன்பது ஐந்து. குறிப்புகளைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஓரத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். அதனால் மணி தெரியும். சுழி போட்டேன். குறிப்பை மாற்றினேன்: "தாகத்துக்கு மருந்து." "அட்டிகை," என்றாள் மறுபடி, துளியும் சந்தேகமில்லாமல். அடுத்து: "காற்றில் துடுப்பு." சிறகு. "புதன்," என்றாள்.

ஏழு சுழி விழுந்தது. ஒவ்வொரு குறிப்பையும் மாற்றினேன். பென்சில் சீவினேன். உள்ளே போய் அகராதி எடுத்து வந்தேன். எழுபத்தாறு வயதில் இதை விட்டுவிடுவதுதான் மரியாதை என்று நினைத்தேன். மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்றுகூட நினைத்தேன், என் மூளையில். அவள் எழுத்துகள் கட்டத்தைவிட்டு வெளியே ஓடியிருந்ததைப் பார்த்தேன். நான் போட்ட கட்டம்தான் சிறிது என்று தோன்றியது.

பத்து மணிக்குப் பென்சில் அவள் கையிலிருந்து விழுந்தது. அப்போதுதான் தாளிலிருந்து நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

ஐம்பத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் அவள் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்.

தாள் இழுப்பறையில் இருக்கிறது. கிழித்துவிட இரண்டு முறை எடுத்தேன்.

ஜூலை 14, வெள்ளி

காலையில் டாக்டரைப் பார்த்து, ஒன்பது ஐந்து என்று திருத்திச் சொன்னேன். கோப்பில் எழுதிக்கொண்டார். "முன்னமே வந்திருந்தா பேச்சு தப்பிச்சிருக்குமாங்க?" என்று கேட்டேன். "தப்பிச்சிருக்கலாம். தப்பிக்காமலும் போயிருக்கலாம். அதை இனி யாராலயும் சொல்ல முடியாது," என்றார். வீட்டுக்கு வரும்வரை அந்த இரண்டில் எது எனக்கு வேண்டும் என்று தெரியவில்லை.

பதினொரு மணிக்கு அந்தத் தாளை எடுத்துச் சுலோசனாவின் முன்னால் வைத்தேன். "அன்னைக்கு நீ தப்புத் தப்பாச் சொன்னே, சுலோ. நான் குறிப்புத் தப்புன்னு நெனச்சுட்டேன். உம் மூஞ்சியப் பாக்கவே இல்ல. எல்லார்கிட்டயும் பத்து மணின்னு பொய் சொல்லிட்டேன்."

தாளை வெகுநேரம் பார்த்தாள். தன் கையெழுத்தை ஒவ்வொன்றாக இடது கை விரலால் தொட்டாள். 'புதன்' வந்தபோது தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்ற பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். வேறு ஏதோவும் இருந்தது. அதை எந்த நோட்டிலும் எழுதத் தெரியவில்லை.

கையை நீட்டினாள். பென்சிலைக் கொடுத்தேன். முதல் சுழியின்மேல் கோணலாக ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'சரி' போட்டாள். பிறகு இரண்டாவது. பென்சில் மூன்று முறை உருண்டு விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஏழும் முடிய பதினெட்டு நிமிடம் ஆனது. ஏழும் நல்ல குறிப்புகளாம்.

எழுந்துபோகப் பார்த்தேன். "இரு," என்றாள்.

உட்கார்ந்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. மாராத்தாள் சாப்பிடக் கூப்பிடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஜூலை 16, ஞாயிறு

மேகலாவிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டாள்.

"அம்மா ஒளறிட்டு இருந்திருக்காங்க, நீங்க பென்சில் சீவிட்டு இருந்தீங்களா?"

"ஆமா அம்மிணி."

"ஒரு மணி நேரமா?"

"அம்பத்தஞ்சு நிமிசம்."

"இப்பவும் திருத்தம் சொல்றீங்க பாருங்க!"

போனை வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி.

ஜூலை 19, புதன்

போன் வரவில்லை. சுலோசனாவுக்கு மூன்றாவது சொல்: "மாரா." மாராத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. "மீதிப் பேரு எங்கீங்கம்மா?" "இரு." "இருக்கறன், இருக்கறன். பொங்கலுக்குள்ள வந்துருமுங்களா?" பாத்திரம் தேய்த்து முடிக்கும்வரை இருவரும் இதையே விளையாடினார்கள்.

ஜூலை 23, ஞாயிறு

மேகலா கூப்பிட்டாள். போனை அம்மா காதில் வையுங்கள் என்றாள். என்னிடம் வேறெதுவும் பேசவில்லை. வைத்தேன். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே போவது எனக்கும் லேசாகக் கேட்டது, என்னைப் பற்றித்தான். சுலோசனா இரண்டு முறை, "இரு," என்றாள். மேகலா நிறுத்தவில்லை. சுலோசனா கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்பா," என்றாள்.

மறுமுனை அடங்கியது. சுலோசனா தலையை நகர்த்திப் போனை என் பக்கம் தள்ளினாள். எடுத்துக் காதில் வைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "ஆடிப் பதினெட்டுக்கு வர்றேன்," என்றாள். வைத்துவிட்டாள்.

ஜூலை 27, வியாழன்

எட்டேமுக்காலுக்குச் சுலோசனா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, தானாகவே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். என்னிடம் புதிர் இல்லை. ஒரு சிறிய தாளில், பக்கத்துக்கு ஐந்து கட்டமாக, அவள் எதிரிலேயே கோடு போட்டேன். ஆறு குறிப்பு. இரண்டுக்கு விடை வந்தது. ஒன்றுக்குப் பாதி. ஒன்றுக்குச் சுழி போட்டாள், ரொம்பவும் உறுதியாக. படித்துப் பார்த்தேன், உண்மையாகவே மோசமான குறிப்பு.

மாற்றுவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு விடைக்கும் பார்த்தேன். கடைசியில் அவளுக்கு எரிச்சல் வந்து தாளைத் தட்டிக் காட்டினாள்.

ஆகஸ்ட் 3, வியாழன், ஆடிப்பெருக்கு

மேகலா நேற்று மாலை வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் மாத்திரைகளைப் பற்றி மட்டும் பேசினாள்.

இன்று காலை வெல்லமும் மாவும் கரைத்துக் கச்சாயம் சுட்டாள். அம்மா சொல்லச் சொல்லச் செய்துதான் அவளுக்குப் பழக்கம். சுலோசனாவைச் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். முதல் கச்சாயத்தைப் பிட்டு ஊதி, அம்மா வாயில் வைத்தாள் மேகலா. அடுத்ததை எண்ணெயில் விட்டாள்.

"எப்படி இருக்குதுங்கம்மா?"

சுலோசனா மென்றாள். புருவம் சுருங்கியது. ஏதோ குறைகிறது.

"உப்பு," என்றாள்.

"கச்சாயத்துக்கு உப்பா?"

தவறான சொல், அன்று போலவே தெளிவான குரல். முகத்தைப் பார்த்தேன். வாய் கோணவில்லை. கண் என்னைப் பார்த்தது. இடது கை மேலே எழுந்து நின்றது.

"இல்ல," என்றாள்.

தான் சொன்னது தவறு என்று அவளுக்கே கேட்டிருக்கிறது. அன்றைக்கு அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தில் ஒருமுறைகூட அவளுக்கு அது கேட்கவில்லை.

"என்னதுங்கம்மா, வெல்லம் பத்தலையா? நெய்யா? இன்னும் கொஞ்சம்..."

"மேகலா, பேசாதே," என்றேன்.

அவளிடம் நான் குரல் உயர்த்தியது இதுதான் முதல் முறை. திரும்பி என்னைப் பார்த்தாள், கோபமாகத்தான். பிறகு அம்மாவைப் பார்த்தாள். ஜல்லிக்கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

சுலோசனாவின் உதடு திறந்து மூடியது. திறந்து மூடியது. எனக்கு விடை தெரியும். வாசனையில்லாத கச்சாயத்தில் என்ன குறையும் என்று யாருக்கும் தெரியும். முதல் எழுத்தைக்கூட நான் கொடுக்கவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை. சங்கடமாக இருந்தது, பிறகு இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன்.

"ஏ," என்றாள். "ஏ... ஏல..." தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தாள்.

"ஏலக்காய்."

மேகலா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அலமாரியைத் திறந்தாள். "மறந்தே போயிட்டேனுங்கம்மா. ஏலக்காய்தான். ஏலக்காய் போடவே இல்ல." எண்ணெயில் கிடந்த கச்சாயம் அதற்குள் கருகியிருந்தது. அதை எடுத்து வடித்து, ஒரு தட்டில் போட்டு, என் முன்னால் நீட்டினாள்.

"இது உங்களுக்குத்தானுங்கப்பா. பேசாதேன்னு அதட்டினீங்கல்ல, தின்னுங்க."

ஒரு பக்கம் நல்ல கசப்பு. முழுவதையும் தின்றேன்.